வேலி யாருடையது? கடமை யாருடையது?

கொலை, களவு, பொய் ஆகியன பாவம் என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். தன் வளவு வேலியைக் கத்தரிக்காமல் விடுவது பாவமா என்று கேட்டால், பெரியவர்களும் சற்று யோசிப்பார்கள். சிலர் சிரிக்கவும் கூடும். வேலி எங்கே, தர்மம் எங்கே என்று தோன்றுவது இயல்பே.

ஆனால் ஆலய வாசலில் அருகருகே நின்று கைகூப்பும் இருவர், வீட்டு வேலியோரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் ஆண்டுக்கணக்கில் வாழ்வதை ஊர்தோறும் காணலாம். காரணத்தை விசாரித்துக்கொண்டு போனால், அது பெரும்பாலும் ஒரு பூவரசங்கிளையிலோ ஒரு முருங்கைக் கொப்பிலோ போய் நிற்கும். ஒரு கைக்கத்தியால் கால் மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய காரியம், பிள்ளைகளின் கலியாண வீட்டுக்குக்கூடப் போகாத பகையாக வளர்ந்திருக்கும். ஆகவே இந்தச் சிறிய விடயத்தைப் பற்றிச் சிந்திப்பது வீண் வேலை அன்று.

கரையோர வளவுகள்

பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று தெற்கு நோக்கிச் செல்லும் அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் கிழக்கே கடலும் மேற்கே வயலும் இருக்க, இடையிலுள்ள ஒடுங்கிய மணல் நிலத்தில்தான் இத்தனை குடிகளும் நெருங்கி வாழ்கின்றன. தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் வீடும் வளவும் பெண்பிள்ளைகளுக்குச் சீதனமாகச் செல்வது இப்பகுதியின் வழமை. தாயின் ஒரு வளவு மூன்று பெண்பிள்ளைகளுக்குப் பிரியும்போது, ஒரு வேலி இருந்த இடத்தில் மூன்று வேலிகள் எழும். எனவே வேலிக்கு அப்பால் இருப்பவர் பல வேளைகளில் கூடப்பிறந்த அக்காவாகவோ தங்கையாகவோ இருப்பார். அல்லது தலைமுறை தலைமுறையாக அடுத்து வாழும் ஒரு முஸ்லிம் குடும்பமாக இருக்கும். அந்நியர் என்று சொல்லத்தக்கவர் அங்கே எவருமில்லை.

முன்னாளில் கிடுகு வேலியே அதிகம். கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றின் கதியால்களை நட்டு, கிடுகை வைத்துக் கட்டுவார்கள். பின்னர் கிளிசரியா என்று நம்மவர் வழங்கும் சீமைக்கிளுவை வந்தது. கதியால் என்பது உயிருள்ள தடி. மாரி மழை விழுந்ததும் வேர் விடும், துளிர்க்கும், கொப்பு எறியும். செத்த தடியில் கட்டிய வேலி இற்று விழும். உயிருள்ள வேலியோ வளர்ந்துகொண்டே இருக்கும். வேலியைச் சண்டைக்குரியதாக ஆக்குவது இந்த வளர்ச்சிதான். நடும்போது எல்லைக் கோட்டில் நின்ற தடி, ஐந்து வருடத்தில் அடுத்த வீட்டுக் கூரைக்கு மேலே நிற்கும். சருகு பீலியை அடைக்கும். முருங்கையாயின் மயிர்க்கொட்டி இறங்கி வந்து குழந்தையின் கொடித்துணியில் ஏறும். நெசவுக்குப் பேர்போன ஊரில் முற்றத்தில் காயவிட்ட சாயநூலின் மேல் ஈர இலை விழுந்தால் கறை படியும்.

அப்போதுதான் கேள்வி எழுகிறது. இதை வெட்ட வேண்டியவர் யார்? மரத்துக்காரர், “என் வளவில் என் மரம் நிற்கிறது, உமக்கு இடைஞ்சல் என்றால் நீர் வெட்டிக்கொள்ளும்” என்பார். அயலவர், “உம்முடைய மரத்துக்கு நான் ஏன் கூலி கொடுக்க வேண்டும்?” என்பார். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. இருவரிடமும் நியாயம் இருக்கும் சண்டையே நீண்ட நாள் நிற்கும்.

சட்டம் சொல்வது

இக்கேள்வி மனிதன் வேலி கட்டத் தொடங்கிய நாளிலிருந்தே இருந்து வருகிறது. ஏறக்குறைய 2450 வருடங்களுக்கு முன்னர் உரோமாபுரியில் எழுதப்பட்ட பன்னிரண்டு பட்டயச் சட்டத்திலேயே இதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. அயலவர் நிலத்தின் மேல் சாயும் மரத்தின் கிளைகளைப் பதினைந்து அடி உயரம் வரை கழித்துவிட வேண்டும் என்றது அச்சட்டம். அதேவேளை, தன் மரத்தின் பழம் அடுத்த வளவில் விழுந்தால் அங்கு சென்று பொறுக்கிக்கொள்ளும் உரிமையையும் மரத்துக்காரருக்கு அளித்தது. கிளையை வெட்டும் கடமையும் கனியை எடுக்கும் உரிமையும் ஒருவரிடமே இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்த உரோமச் சட்டத்தின் வழிவந்ததே ஒல்லாந்தர் இந்நாட்டுக்குக் கொண்டுவந்த உரோம - டச்சுச் சட்டம். தனிச் சட்டங்கள் இல்லாத விடயங்களில் இலங்கையின் பொதுச் சட்டமாக இன்றும் அதுவே விளங்குகிறது. அதன் நெறி பொதுவாக இதுதான்: கிளை எல்லை தாண்டி வந்தால், வெட்டும்படி முதலில் மரத்துக்காரரிடம் கேட்க வேண்டும், அவர் செய்யாவிட்டால், தன் எல்லைக்குள் வந்த பகுதியை அயலவர் வெட்டலாம்.

இங்கிலாந்தில் வேறு வழி. பிரபுக்கள் சபை 1894ஆம் ஆண்டு லெமன் எதிர் வெப் என்ற வழக்கில், அடுத்தவர் நிலத்தில் கால் வைக்காமல், தன் நிலத்தின் மேல் நீட்டிய கிளையை முன்னறிவித்தல் இன்றியே வெட்டலாம் என்று தீர்ப்பளித்தது. ஆயினும் சண்டை தீர்ந்தபாடில்லை. உயர்ந்து வளரும் வேலிமரங்களால் வெளிச்சம் மறைந்து அயலவர்கள் மோதிக்கொண்டதால், 2003ஆம் ஆண்டு சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. இரண்டு மீற்றருக்கு மேல் வளர்ந்த பசுமை மாறா வேலியைப் பற்றி உள்ளூராட்சி மன்றத்திடம் முறையிட அச்சட்டம் வழிசெய்தது.

யப்பானில் அயலவரின் வேர் எல்லை தாண்டினால் வெட்டலாம். கிளையை வெட்டுவதற்கோ மரத்துக்காரரையே கேட்க வேண்டும் என்றுதான் நீண்ட காலம் சட்டம் இருந்தது. ஊர்களில் ஆளில்லா வீடுகள் பெருகவே, கேட்பதற்கு ஆள் இல்லாமல் போயிற்று. அதனால் சட்டத்தைத் திருத்தினார்கள். 2023 ஏப்ரல் முதலாம் திகதி முதல், கேட்டும் தகுந்த காலத்தினுள் வெட்டாவிட்டாலோ, உரிமையாளர் எங்கே என்று தெரியாவிட்டாலோ, அவசரம் என்றாலோ அயலவரே கிளையை வெட்டலாம்.

நமது நாட்டில் இத்தகைய பிணக்குகள் நீதிமன்றப் படியேறாமல் தீர்வதற்காகவே 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டம் உள்ளது. பெரும்பாலும் வார இறுதி நாட்களில் ஊர்ப் பாடசாலையிலோ பொதுமண்டபத்திலோ மூவர் அமர்ந்து இரு பக்கத்தாரையும் கேட்பார்கள். தீர்ப்பு வழங்குவது அவர்களுடைய வேலை அன்று; இருவரையும் இணங்க வைப்பதே அவர்களுடைய வேலை. அங்கும் இணங்காமல் காணிச் சண்டை அடிதடிக்குப் போகும் என்ற நிலை வந்தால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் பொலிசார் அதை ஆரம்ப நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவார்கள். கிளையில் தொடங்கியது அங்கே எல்லையில் போய் முடியும். இரு பக்கமும் சட்டத்தரணிக்குக் கொடுக்கும் காசில் இரண்டு வளவுக்கும் மதிலே கட்டியிருக்கலாம்.

சட்டத்தின் வழி இவ்வளவுதான். எதை வெட்டலாம், எப்போது வெட்டலாம் என்று அது சொல்லும். முதலில் வாய் திறக்க வேண்டியவர் யார் என்பதை அது ஓரளவே சொல்லும். எந்த முகத்தோடு சொல்ல வேண்டும் என்பதை அது ஒருபோதும் சொல்லாது. அந்த இடத்தில்தான் தர்மம் தொடங்குகிறது.

மனுநீதியும் உழவாரமும்

திருவாரூரில் மனுநீதிச் சோழனின் மகன் தேரேறி வந்தபோது, ஒரு பசுக்கன்று துள்ளி வந்து சக்கரத்தில் அகப்பட்டு இறந்த வரலாறு யாவரும் அறிந்ததே. இளவரசன் வேண்டுமென்று செய்யவில்லை. கன்று தானே குறுக்கே பாய்ந்தது. ஆயினும் தாய்ப்பசு மணியை அடித்தபோது, “தெரியாமல் நடந்தது” என்ற சமாதானத்தை மன்னன் ஏற்கவில்லை. தேர் யாருடையதோ, தேரால் விளைந்த துன்பமும் அவருடையதே என்பது அவன் கண்ட நீதி.

இதை வேலிக்குப் பொருத்திப் பார்க்கலாம். மரத்துக்காரர் அயலவரைத் துன்புறுத்த மரம் நடவில்லை. மரம் தானே வளர்ந்தது. கிளை தானே நீண்டது. ஆனாலும் நிழலையும் குழையையும் விறகையும் அனுபவிப்பவர் எவரோ, அந்த மரத்தால் அடுத்த வீட்டுக்கு வரும் தொல்லைக்கும் அவரே பொறுப்பாளி. நன்மையை இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு சருகை மட்டும் அந்தப் பக்கம் தள்ளுவது தர்மமாகாது. மேலும், அரண்மனை வாசலில் மணி தொங்கியதால் பசுவின் துயரம் மன்னன் காதில் விழுந்தது. நம்முடைய வேலியில் மணி எதுவும் தொங்குவதில்லை. ஆகவே மரத்துக்காரர் தாமாகவே ஒரு தரம் அடுத்த வளவுக்குள் போய் நின்று, தம் மரத்தை அந்தப் பக்கத்திலிருந்து அண்ணாந்து பார்க்க வேண்டும். இந்தப் பக்கம் குளிர்ந்த நிழலாகத் தெரிந்தது, அந்தப் பக்கம் ஓட்டுக்கூரையை உரசும் கொப்பாகத் தெரியும்.

இனி, அயலவருடைய தர்மம். திருநாவுக்கரசு சுவாமிகள் தலந்தோறும் சென்றபோது கையில் கொண்டு சென்றது உழவாரப்படை. திருவீதியில் புல் முளைத்திருந்தால், இதைச் செதுக்க வேண்டியவர் யார், அவர் ஏன் செய்யவில்லை என்று அவர் விசாரணை நடத்தவில்லை. தம் கையால் செதுக்கினார். அவருடைய தமக்கையார் திலகவதியாரும் திருவதிகைத் திருக்கோயிலில் அலகிட்டு மெழுகும் தொண்டையே செய்து வந்தார். பிறர் விட்ட வேலையைச் செய்வதால் ஒருவர் தாழ்ந்துவிடுவதில்லை என்பதற்கு இவர்களை விடச் சான்று தேவையில்லை.

ஆயினும் ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. திருவீதிப் புல் எவருடைய உடைமையும் அன்று. அயல்வேலியின் கிளை ஒருவருடைய உடைமை. அதை வெட்டுவது தொண்டு என்றாலும் சொல்லிவிட்டே செய்ய வேண்டும். சொல்லாமல் வெட்டிய கிளை, இடைஞ்சலான கிளையாகவே இருந்தாலும், மரத்துக்காரர் மனதில் களவுபோன கிளையாகவே நிற்கும்.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விடை கிடைக்கிறது. மரத்துக்காரர், அயலவர் சொல்லுமுன் வெட்ட வேண்டும். அயலவர், மரத்துக்காரரிடம் சொன்ன பின் வெட்ட வேண்டும். இருவரும் தத்தம் பங்கைச் செய்ய முந்திக்கொண்டால் சண்டைக்கு இடமே இல்லை. ஒருவர் தவறினாலும் மற்றவர் தம் பங்கில் நின்றால், சண்டை பாதியிலேயே நின்றுவிடும். தன் கடமையை மறந்து, மற்றவருடைய கடமையை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பதே பகைக்கு வித்து.

ஆள் இல்லாத வளவு

விதி எளிது, நடைமுறை அப்படி எளிதன்று. இன்று பல வளவுகளுக்குப் படலை பூட்டியே இருக்கிறது. ஒருவர் கட்டாரில், ஒருவர் இலண்டனில், ஒருவர் யுத்த காலத்தில் இடம்பெயர்ந்து போய்த் திரும்பவே இல்லை. கேட்க ஆள் இல்லை. பற்றை வளர்கிறது, பாம்பு அடைகிறது, தேங்கிய சிரட்டையில் நுளம்பு பெருகுகிறது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் வளவைச் சுத்தமாக வைத்திருக்கும் பொறுப்பை உரிமையாளர் மீதும் குடியிருப்போர் மீதும் சுமத்துகிறது. ஆனால் டெங்கு நுளம்பு, உறுதியில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துக் கடிப்பதில்லை.

இங்கே அருகில் இருப்பவரே கைக்கத்தியை எடுக்க வேண்டியவராகிறார். முதலில் உறவினர் எவரிடமாவது ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தொலைபேசி இலக்கம் கிடைத்தால் வெளிநாட்டுக்கே அழைத்துச் சொல்லலாம். எதுவும் இயலாவிடில் கிராம உத்தியோகத்தருக்குத் தெரிவித்துவிட்டு, கிளையை மட்டும் கழிக்கலாம். கதியாலைப் பிடுங்கலாகாது, எல்லைக்கல்லைத் தொடலாகாது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. வேலியைத் துப்புரவாக்கப் போனவர், அடுத்த மாரியில் புதுக் கதியாலை ஒரு சாண் தள்ளி நடுவதும், அதற்கடுத்த மாரியில் இன்னொரு சாண் தள்ளி நடுவதும் ஊரறிந்த கதை. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி, பத்து வருடம் தடையின்றி எதிருரிமையோடு ஆண்டவர் உரிமை கோரலாம் என்பதும் சிலருக்கு நன்றாகவே தெரியும். யுத்தத்தால் காணியை விட்டுப் போனவர்கள் இவ்வாறு இழந்துவிடலாகாது என்பதற்காக, 1983 மே முதலாம் திகதிக்கும் 2009 மே 18ஆம் திகதிக்கும் இடைப்பட்ட காலம் பற்றி 2016இல் தனிச்சட்டமும் வந்தது. சட்டம் காத்தாலும் காவாவிட்டாலும், ஆள் இல்லாத நேரத்தில் நகர்ந்த வேலி அறத்தின் முன் நிற்காது.

பாண்டிருப்பு திரௌபதை அம்மன் ஆலயத்தில் ஆண்டுதோறும் பதினெட்டு நாள் உற்சவம் நடைபெற்று, வனவாசம் சென்று தீமிதிப்போடு நிறைவுறுவதை இப்பகுதி மக்கள் பக்தியோடு கண்டு வருகின்றனர். பாண்டவர் காட்டில் இருந்த காலத்தில் அவர்களுடைய நிலத்தை ஆண்டவன் துரியோதனன். திரும்பி வந்து கேட்டபோது ஊசிமுனை நிலமும் தரமாட்டேன் என்றான். பாரதப் போருக்கு விதை அதுவே. ஊரில் இல்லாதவர் எல்லையை ஊசிமுனையளவு நகர்த்தியவர், தீமிதிப்பைக் கண்டு கைகூப்பும்போது ஒரு கணம் இதை எண்ணிப் பார்ப்பது நல்லது.

முதியவர்கள், கணவனை இழந்து தனித்து வாழும் பெண்கள் ஆகியோரின் வேலியும் இவ்வாறானதே. அவர்களிடம், “உங்கள் மரம், நீங்கள்தான் வெட்ட வேண்டும்” என்று சட்டம் பேசுவது கொடுமை. “மாமி, இந்தக் கொப்பைக் கழிச்சு விடட்டா? குழையை உங்கட ஆட்டுக்குப் போடுறன்” என்று கேட்பதில் கூலியும் இல்லை, குறையும் இல்லை.

கோயில் மரம்

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி ஒன்று எஞ்சியிருக்கிறது. மரம் கோயிலுடையதாக இருந்தால் என்ன செய்வது? ஆலய வீதியின் வேம்பும் அரசும் மதிலைத் தாண்டி அடுத்த வீட்டின் மேல் சாய்ந்தால் யார் வெட்டுவது?

அம்மன் உறையும் வேம்பில் கத்தி வைப்பதா என்று அடியார்கள் தயங்குவது இயல்பு. அந்தப் பக்தியை எவரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அடுத்த வீட்டிலிருப்பவரின் நிலையையும் நினைக்க வேண்டும். அவர் சைவராயின் தெய்வக்குற்றத்துக்கு அஞ்சுவார். முஸ்லிம் ஆயின், கோயில் மரத்தைப் பற்றிப் பேசினால் வேறு விதமாக எடுத்துக்கொள்வார்களோ என்று அஞ்சுவார். இரண்டு பேரும் வாய் திறக்கமாட்டார்கள். அவர்கள் கேட்காதிருப்பதைச் சம்மதம் என்று எண்ணிக்கொண்டால் அது பெரும் பிழையாகும். கேட்க முடியாதவரிடம் நாமே சென்று கேட்பதுதான் தர்மம்.

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு இக்கரையைத் தாக்கிய சூறாவளியில் எத்தனை பெருமரங்கள் வேரோடு சாய்ந்தன என்பதை மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். கூரைக்கு மேல் சாய்ந்து நிற்கும் கிளையை மாரிக்கு முன் கழிப்பது மரத்துக்கும் நல்லது, மனிதருக்கும் நல்லது. மரத்தை அழிப்பது வேறு, கொப்பைக் கழிப்பது வேறு. பூசகரைக் கொண்டு உரிய வழிபாடு செய்து, குருவிக்கூடு உண்டா என்று பார்த்து, ஆலயத்தின் செலவிலே ஆளை வைத்துக் கழித்து, அடுத்த வீட்டு முற்றத்தில் விழுந்த சருகையும் ஆலயத்தாரே கூட்டிக் கொடுத்தால், அம்பாள் கோபிக்கப்போவதில்லை. ஊருக்கு நீதி சொல்லும் இடம் கோயில். தன் வேலியில் நீதி காட்டாமல் ஊர் வேலிக்கு அது நீதி சொல்ல முடியாது.

இரு ஊர்களின் நடுவே

இப்பகுதியில் இன்னொன்றையும் மனதிற்கொள்ள வேண்டும். ஒரு தமிழ் வீட்டுக்கும் ஒரு முஸ்லிம் வீட்டுக்கும் நடுவே வரும் வேலிச்சண்டை, இரண்டு வீட்டோடு நின்றுவிடுவதில்லை. மாலைக்குள் அது இரண்டு ஒழுங்கைகளின் பேச்சாகி, இருட்டுமுன் இரண்டு ஊர்களின் பேச்சாகிவிடும். கிளை யாருடையது என்ற கேள்வி மறைந்து, ஆள் யார் என்ற கேள்வி வந்துவிடும். கடந்த காலத்தில் இக்கரை பட்ட துன்பங்களை அறிந்தவர்கள் இதன் ஆபத்தையும் அறிவார்கள். அயலவர் உரிமையை இஸ்லாமும் மிக உயர்வாகப் போதிக்கிறது. அன்பே சிவம் என்பது நம் சமயம். இரு சமயமும் கூடி நிற்கக்கூடிய முதல் இடம் வேலியடிதான்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் எழுந்து வந்தபோது, அது எந்த வேலியையும் கேட்கவில்லை. இலங்கையில் மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. கரையோர வளவுகளில் கதியாலும் இல்லை, மதிலும் இல்லை, எல்லைக்கல்லும் இல்லை. நேற்று வரை ஒரு சாணுக்காகப் பேசாமல் இருந்தவர்கள், ஒருவர் பிள்ளையை ஒருவர் தேடினார்கள். பாடசாலையிலும் கோயிலிலும் பள்ளிவாசலிலும் ஒரே சோற்றைப் பகிர்ந்து உண்டார்கள். பின்னர் வளவுக்குத் திரும்பியபோது, எல்லை எங்கே என்று சொல்ல, எஞ்சிய கிணற்றுக்கட்டும் தென்னங்குற்றியும் அடுத்த வீட்டுக்காரரின் வாக்குமே மிஞ்சின. உறுதிக் கடதாசியும் கடலோடு போனவருக்கு, அயலவரின் நேர்மை ஒன்றே எல்லைக்கல்லாக நின்றது.

வேலியைக் காப்பது கதியாலும் கிடுகும் என்று நினைக்கிறோம். உண்மையில் அதைக் காப்பவர் வேலிக்கு அப்பால் இருப்பவர்.

ஆகவே ஐப்பசி பிறந்து மாரி தொடங்குமுன், ஒவ்வொரு குடும்பமும் ஒரு நாளை ஒதுக்கலாம். தன் வேலியைத் தானே கழித்து, அடுத்த வீட்டுப் படலையில் தட்டி, “எங்கட பக்கத்தால உங்களுக்கு ஏதும் இடைஞ்சல் இருக்கோ?” என்று ஒரு வார்த்தை கேட்கலாம். காரைதீவில் வைகாசிக் குளிர்த்திக்கும், பாண்டிருப்பில் தீமிதிப்புக்கும், ஊர்தோறும் சுவாமி வீதியுலா வருவதற்கும் முன்னர் வீதியோர வேலியைக் கழித்துத் துப்புரவாக்குகிறோம். சுவாமி வரும் வீதியில் கொப்பு இடிக்கலாகாது என்று எண்ணுகிறோம். அயலவர் நடக்கும் முற்றமும் சுவாமி வரும் வீதியே என்று எண்ணினால், வேலியைப் பற்றிய கேள்விக்கு வேறு விடை தேட வேண்டியதில்லை.

அயலும் ஊரும் செழிக்க, பகை அகன்று அன்பு பெருக, எல்லாம் வல்ல அம்பாளின் திருவருள் யாவர்க்கும் கிட்டுவதாக.

சுபம்.